பிள்ளைக்கு எத்தனை வசனம்?

யாருக்கு என்ன வேடம் என்ற பட்டியலை ஒட்டிய அன்று மாலையே கைப்பேசிக்குக் கேள்வி வந்துவிடும்: "சார், எங்க பிள்ளைக்கு எத்தனை வசனம்?" சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளில் நாடகப் பயிற்சி கொடுக்கும் எல்லாருக்கும் இது பழகிப்போன கேள்விதான். பெற்றோர் ஆசை அது, கேட்கட்டும். ஆனால் பிள்ளை மேடையேறி நன்றாக நடித்துவிட்டுப் பத்திரமாக இறங்கி வருவதற்குத் தேவையான எதுவும் அந்த எண்ணிக்கையில் இல்லை.

வசனம் குறைந்தால் வேடம் சின்னது என்று நினைப்பவர்களிடம், 1988இல் சிங்கப்பூர் நாடகாசிரியர் குவோ பாவ் குன் இங்கே மேடையேற்றிய பன்மொழி நாடகத்தைப் பற்றிச் சொல்வேன். காணாமற்போன பூனையைத் தேடி அலைகிறார் ஹொக்கியன் பேசும் ஒரு தாய். வழியில் தமிழ் பேசும் முதியவர் ஒருவரைச் சந்திக்கிறார். அவரும் பூனையைத் தேடுகிறார். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. கையும் முகமும் உடம்பும்தான் பேசிக்கொள்கின்றன. உயர்நிலை 1 மாணவர்களுக்கு இந்தச் சூழலை மட்டும் கொடுத்து நடிக்கச் சொல்லுங்கள். தமிழ் வசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்து ஒப்பித்துக்கொண்டிருந்த பிள்ளை அப்போதுதான் எதிரில் நிற்பவனின் முகத்தையே பார்க்கும். கையில் பிரதியைக் கொடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

குரல் விஷயத்தில் நம்மவர்கள் காட்டும் அலட்சியம் எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. தமிழ்மொழி விழா ஏப்ரலில் வருவதால் ஒத்திகையெல்லாம் மார்ச் விடுமுறை வாரத்தில் குவிகிறது. குளிர்சாதன மண்டபத்தின் வறண்ட காற்றில் காலையிலிருந்து மாலைவரை கத்தல். அரக்கன், ராஜா, குடிகார அப்பா என்று அடித்தொண்டையில் உறுமும் வேடங்கள் போய்ச் சேர்வது 13, 14 வயதுப் பையன்களிடம். அந்த வயதில்தான் குரல்வளை பெரிதாகி, குரல்நாண்கள் நீண்டு தடித்து, குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. பாதியில் உடைகிற குரலைக் கேட்டு மண்டபமே சிரிக்க, "இன்னும் சத்தமா!" என்று பின்வரிசையிலிருந்து பயிற்சியாளரும் கத்தினால் அந்தப் பையன் என்ன செய்வான்?

கடைசி வரிசைக்குக் கேட்க வைப்பது சத்தம் மட்டுமல்ல. மூச்சு வயிறுவரை இறங்க வேண்டும், வாய் நன்றாகத் திறக்க வேண்டும், வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கக் கூடாது, முகம் பார்வையாளர் பக்கம் இருக்க வேண்டும். அரக்கன் மெதுவாகப் பேசினாலும் பயமாகத்தான் இருக்கும். தொண்டை கட்டினால் அன்று வசனம் வேண்டாம், நடந்து மட்டும் பழகட்டும். கிசுகிசுப்பது குரலுக்கு ஓய்வு ஆகாது, பேசாமல் இருப்பதுதான் ஓய்வு. கரகரப்பு இரண்டு, மூன்று வாரத்தைத் தாண்டினால் கற்கண்டையும் மிளகையும் நம்பியிராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்தது இருட்டு. காட்சி முடிந்து விளக்கு அணையும்போது, அதுவரை பளிச்சென்ற வெளிச்சத்தில் நின்ற பிள்ளைக்குக் கண் சுத்தமாகத் தெரியாது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 நிமிடத்துக்கு மேல் ஆகும்; நாடகத்தில் நாம் கொடுப்பது சில நொடிகள். அதற்குள் புடவைத் தலைப்போடு நாற்காலியையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். படிக்கட்டின் விளிம்பிலும் மேடையின் முன்விளிம்பிலும் ஒளிரும் நாடா ஒட்டியிருக்கிறதா, மின்கம்பிகளைத் தரையோடு தரையாக நாடா போட்டு ஒட்டியிருக்கிறார்களா, திரைக்குப் பின்னால் மங்கலான நீல விளக்கு எரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். குத்துவிளக்குக் காட்சி இருந்தால் பேட்டரி விளக்கே போதும். சவுரி முடிக்கும் பட்டுக்கும் பக்கத்தில் நிஜச் சுடர் எதற்கு?

இதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டியவர் ஆசிரியர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான் அதை ஒரு மாணவரிடம், ஸ்டேஜ் மேனேஜர் என்ற பொறுப்போடு, முதல் ஒத்திகையிலேயே கொடுத்துவிடுவேன். பிரதியின் ஓரத்தில் ஒவ்வொரு க்யூவையும், அதாவது விளக்கோ பாட்டோ எந்த இடத்தில் மாற வேண்டும் என்பதை, பென்சிலால் குறிப்பது அவர் வேலை. பேனா கூடாது, க்யூ மாறிக்கொண்டே இருக்கும். வலம், இடம் என்றால் பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகரின் வலம், இடம் என்பதை எல்லாருக்கும் பழக்குவதும் அவர்தான். விளக்கையும் ஒலியையும் இயக்குபவர்களிடம் "ஸ்டாண்ட்பை" (தயாராக இரு) என்று சொல்லி, பதில் வந்த பிறகே "கோ" (இப்போது செய்) சொல்ல வேண்டும். "கோ" வராமல் விளக்கும் மாறாது, பாட்டும் வராது. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் இந்த வேலையில் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இங்கேயும் ஒரு எச்சரிக்கை: கூச்சமுள்ள பிள்ளையைத் திரைக்குப் பின்னால் ஒளித்துவைக்கும் வழியாக இது மாறிவிடக் கூடாது. நிறத்தையும் பருமனையும் பார்த்து வேலைக்காரன், திருடன், கோமாளி வேடங்களைப் பங்கிடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நாடகம் தொடங்க 35 நிமிடம் இருக்கும்போது "அரை மணி" என்று ஸ்டேஜ் மேனேஜர் அறிவிப்பார். தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே எல்லாரும் தத்தம் இடத்தில் நிற்க வேண்டும் என்பதால் நாடக உலகில் கணக்கு அப்படி. பூ வைக்க, பொட்டு வைக்க, புகைப்படம் எடுக்க வந்த பெற்றோர் எல்லாவற்றையும் அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள். அறிவிப்புக்குப் பிறகு 14 வயதுப் பெண் ஒருத்தி வந்து, "ஆன்ட்டி, நீங்க வெளிய போகணும்" என்றால் முறைக்காமல் போய்விடுங்கள். அவளை அங்கே நிறுத்தியதே அதற்காகத்தான்.