தண்ணீரைச் சுருக்க முடியாது

பழைய கடற்போர்ப் படங்களில் கப்பல் தலைகாட்டியதுமே அது பொம்மை என்று தெரிந்துவிடும். பாய்மரத்திலோ பீரங்கியிலோ பெரிய குறை இருக்காது. காட்டிக்கொடுப்பது தண்ணீர்தான்.

ஆழ்கடலில் 100 மீட்டர் நீளமுள்ள அலை ஒரு புள்ளியைக் கடக்கச் சுமார் 8 விநாடி ஆகும். ஸ்டுடியோ தொட்டியில் எல்லாவற்றையும் 25-ல் ஒரு பங்காக்கி, 4 மீட்டர் அலையை எழுப்பினால், அது 1.6 விநாடியில் ஓடிவிடும். கப்பலைச் சுருக்கினோம், அலையைச் சுருக்கினோம், புவியீர்ப்பைச் சுருக்க முடியவில்லையே! நீளம் 25 மடங்கு குறையும்போது நேரம் அதன் வர்க்கமூலமான 5 மடங்குதான் குறைகிறது. அதனால் விநாடிக்கு 24 பிரேமுக்குப் பதில் 120 பிரேம் எடுத்து, வழக்கமான வேகத்தில் ஓட்டுவார்கள். அலை மறுபடி கனத்தோடு எழுந்து விழும்.

கப்பல் மாதிரிகளுக்கு இந்த விகிதக் கணக்கை நிலைநாட்டியவர் ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் ஃபுரூட். 1870களில் இங்கிலாந்தின் டார்க்கியில், பிரிட்டிஷ் கடற்படையின் பணத்தில் நீண்ட தொட்டி ஒன்றைக் கட்டி, மெழுகுக் கப்பல்களை இழுத்துப் பார்த்தார்.

சரி, வேகப் பிரச்சினை தீர்ந்தது. துளி? அதன் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பரப்பு இழுவிசை, அதாவது தண்ணீரின் மேற்பரப்பை இறுக்கிப் பிடித்திருக்கும் விசை. அந்த விசைக்கோ, பக்கத்தில் நிற்பது நிஜக் கப்பலா பொம்மையா என்பது தெரியாது. 25-ல் ஒரு பங்கு மாதிரியின் முகப்பில் தெறிக்கும் 4 மில்லிமீட்டர் துளி, திரையில் 10 சென்டிமீட்டர் உருண்டையாகத் தெரியும். நிஜக் கடலின் மெல்லிய சாரல் வரவே வராது. கேமராவை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் இதற்கு மருந்தில்லை. மாதிரியைப் பெரிதாகக் கட்டலாம், அவ்வளவுதான்.

பேட்ரிக் ஓப்ரையனின் கடற்போர் நாவல்களில் கேப்டன் ஜாக் ஆப்ரி, தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள ஹார்ன் முனையின் புயலைக் கடக்கக் காகிதமும் மையும் போதும். 2003-ல் அவரைத் திரைக்குக் கொண்டுவந்த 'மாஸ்டர் அண்ட் கமாண்டர்' இயக்குநர் பீட்டர் வியருக்கு அந்த வசதி இல்லை. நாவலின் அமெரிக்க எதிரியைப் படத்தில் பிரெஞ்சுக்காரராக மாற்றுவது சுலபம், கடலை மாற்றுவது கஷ்டம். அவர் குழு வேலையைப் பிரித்துக்கொண்டது. நடிகர்கள் நிற்கும் காட்சிகளுக்கு மெக்சிகோவின் ரொசாரிட்டோவில், 'டைட்டானிக்' படத்துக்காகக் கட்டிய தொட்டியில், ஆட்டிச் சாய்க்கும் இயந்திரத்தின்மேல் முழு அளவுக் கப்பல். தொட்டி பசிபிக் கரையிலேயே இருப்பதால் பின்னணியில் அசல் தொடுவானம் இலவசம். திறந்த கடலில் ஓட்ட, 'ரோஸ்' என்ற நிஜப் பாய்மரக் கப்பலை வாங்கினார்கள். தூரக் காட்சிகளுக்கு நியூசிலாந்தின் வீட்டா பட்டறை செய்த பெரிய மாதிரிகள்.

புயல் அலைகளுக்கோ, கேப்டன் குக்கின் 'எண்டெவர்' கப்பலின் நகல் ஹார்ன் முனையைச் சுற்றியபோது அதில் ஏறிப்போன கேமரா பிடித்த நிஜக் கடல். அந்த அலைகளின்மேல் கப்பல்களைக் கணினியில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். என்னைக் கேட்டால், படத்தின் மிக புத்திசாலித்தனமான முடிவு இதுதான்: சுருக்கக்கூடியதைச் சுருக்கிவிட்டு, சுருங்காததை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

ஒளிப்பதிவுக்கும் ஒலித் தொகுப்புக்கும் ஆஸ்கர் கிடைத்தது. விஷுவல் எஃபெக்ட்ஸ் மட்டும் பரிந்துரையோடு நின்றது. அந்த வருஷம் எதிரே நின்றது 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்பது வாஸ்தவம்தான். ஆனாலும், தந்திரம் இருப்பதே தெரியாத இடத்தில் தந்திரத்துக்கு யார் விருது கொடுப்பார்கள்?