சம்பளப் பட்டியலும் சட்டக் கல்லூரி வருகைப்பதிவும்

போன மாதம் ஒரு பெண்மணி என்னைப் பார்க்க வந்தார். எம்.எஸ்சி. முடித்து, பத்து ஆண்டுகளாகத் தனியார் நிறுவனத்தில் வேலை. குடும்பச் சொத்து வழக்குக்காக நீதிமன்றத்துக்கு அலைந்ததில் சட்டம் படிக்கும் ஆசை வந்துவிட்டது. "மேடம், வேற மாநிலத்துல ஒரு காலேஜ். வகுப்புக்கு வரவே வேண்டாம், பரீட்சை மட்டும் எழுதினா போதும்னு புரோக்கர் சொல்றார். சேரலாமா?"

சேராதீர்கள் என்றேன். வேலையில் இருந்துகொண்டே சட்டம் படிக்க நினைக்கும் பலரும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

மூன்றாண்டு எல்எல்.பி. முழுநேரப் படிப்பு. சட்டக் கல்வியையும் வழக்கறிஞர் தொழிலையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள்படி, ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது 15 வாரம், வாரத்துக்குக் குறைந்தது 30 மணி நேரம் வகுப்பு. அதாவது 450 மணி நேரம். ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். மொத்தமாகக் கணக்குப் போட்டால் 315 மணி நேரம், வாரத்துக்கு 21. போக்குவரத்து இதில் சேரவில்லை. சென்னை அரசு சட்டக் கல்லூரியே 2018இல் ஊருக்கு வெளியே புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் போய்விட்டது. இது போக, மூன்றாண்டில் 12 வாரம் வழக்கறிஞரிடமோ நீதிமன்றத்திலோ பயிற்சி. காலை ஒன்பதுக்குப் போய் மாலை ஆறுக்குத் திரும்பும் வேலையில் இந்த நேரம் எங்கிருந்து வரும்?

வராது. அதனால்தான் 'வராமலே வருகை' போட்டுத் தருகிறேன் என்பவர்களுக்குக் கூட்டம் சேருகிறது. ஆனால் உங்கள் வருகைப்பதிவு கல்லூரியில் இருக்கும் அதே நாளில் பிஎஃப் கணக்கும் சம்பளப் பட்டியலும் நீங்கள் வேறு ஊரில் இருந்ததைச் சொல்லும். என்ரோல்மென்ட் சமயத்தில், அதாவது வழக்கறிஞராகப் பதிவு செய்யும்போது, இப்படி மாட்டிக்கொண்ட ஒருவருக்காக நான் மனு எழுதியிருக்கிறேன். மூன்று வருடக் கட்டணமும் போய், பொய்யான தகவல் தந்தார் என்ற பேரும் வந்தது. நாற்பது வயதில் அவர் கண் கலங்கி உட்கார்ந்திருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. 2024 செப்டம்பரில் பார் கவுன்சில் அனுப்பிய சுற்றறிக்கை இன்னும் கறாரானது. படிக்கும்போது வேலையில் இருந்தால் மாணவர் அதைத் தெரிவிக்க வேண்டும், நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் தர வேண்டும்.

முதுகலைப் பட்டம் இருக்கிறதே என்பவர்கள் அடிப்படையையும் பாருங்கள். பிளஸ் டூ, இளங்கலை, அப்புறம் முதுகலை என்று வரிசையாகப் படித்திருந்தால், நடுவில் தொலைநிலைக் கல்வி இருந்தாலும் பரவாயில்லை. இளங்கலையே இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராக எம்.ஏ. வாங்கியிருந்தால் தகுதி கிடையாது. தபால் வழி பி.ஜி.எல். என்ற பொதுச் சட்டப் பட்டம் படித்தும் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது.

பட்டம் வாங்கிய பிறகும் முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு வழக்காட முடியாது. எனவே ஒரு நாள் வேலையை விடத்தான் வேண்டும். அந்த நாள் படிப்புக்கு முன்பா பின்பா என்பதுதான் கேள்வி.

வழியே இல்லையா? இருக்கிறது. என்னிடம் ஜூனியராக இருந்த ஒருவர் மருந்துத் தொழிற்சாலையில் நிரந்தர இரவுப் பணி கேட்டு வாங்கி, சான்றும் வாங்கி, பகலில் வகுப்புக்குப் போனார். முதல் வருடம் உடம்பு படாத பாடு பட்டது, இரண்டு பாடம் அரியரும் விழுந்தது. ஆனால் அவர் காகிதங்கள் சுத்தமாக இருந்ததால் பதிவில் ஒரு கேள்விகூட வரவில்லை. அரசு ஊழியர் என்றால் விண்ணப்பிக்கும் முன்பே துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி அவசியம். வாய்மொழியாக 'சரி, படிங்க' என்று மேலதிகாரி சொன்னதை நம்பாதீர்கள். அவர் மாற்றலாகிப் போய்விடுவார்.

அந்தப் பெண்மணி புரோக்கருக்கு முன்பணம் கொடுக்கவில்லை. நிறுவனத்தில் சம்பளமில்லா விடுப்பு எத்தனை மாதம் கிடைக்கும் என்று மனிதவளப் பிரிவுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். பதில் வந்ததும் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.