எலி கடிக்காமலே வரும் எலிக்காய்ச்சல்

களனி ஆற்று வெள்ளம் வடிந்ததும் கொழும்பை அடுத்த கொலன்னாவ, வெல்லம்பிட்டிய பக்கம் வீடுகளில் சேறு அள்ளத் தொடங்குவார்கள். லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக்காய்ச்சல், பரவுவதற்கு வாய்ப்பான நேரம் அதுதான். "எலி கடிக்கவேயில்லையே, பிறகெப்படி?" என்று பலர் கேட்பார்கள். நோய் வரக் கடி தேவையில்லை.

கிரேக்கத்தில் 'லெப்டோஸ்' மெல்லியது, 'ஸ்பைரா' சுருள், 'ஓசிஸ்' நோய்நிலை. இந்த நோயைத் தரும் கிருமிக்கு லெப்டோஸ்பைரா என்று 1917இல் பெயரிட்டவர் ஜப்பானிய ஆய்வாளர் ஹிதேயோ நொகுச்சி. இந்தக் கிருமியின் தடிப்பு ஏறக்குறைய 0.1 மைக்ரோமீட்டர்தான். சாதாரண நுணுக்குக்காட்டியில் தெரியாது, கரிய பின்புலத்தில் கிருமியை ஒளிரக் காட்டும் இருள்புல நுணுக்குக்காட்டி வேண்டும். நுனி கொக்கிபோல் வளைந்திருப்பதால், 1907இல் இதைக் கண்ட அமெரிக்க வைத்தியர் ஸ்டிம்சன், கேள்விக்குறியை நினைத்து 'இன்டெரோகன்ஸ்' என்றார்.

எலி மட்டுமல்ல, மாடு, பன்றி, நாயின் சிறுநீரிலும் இது வெளியேறும். அது கலந்த தண்ணீரில் நிற்கும்போது காயம், சிராய்ப்பு, ஊறிப்போன தோல், கண், வாய் வழியாக உடம்புக்குள் போய்விடும். ஆகவே "எங்கள் வீட்டில் எலியே இல்லை" என்பதை நம்பிக் கானுக்குள் வெறுங்காலோடு இறங்க வேண்டாம். பூட்ஸ், கையுறை போடுங்கள். காயத்தை நீர் புகாத பிளாஸ்டரால் மூடுங்கள்.

இப்படியான வேலைக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேட்டால், நோய் வராமல் தடுக்க டொக்ஸிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசை தருவார்கள். வளர்ந்தவருக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம். சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும். உடனே படுத்தால் குளிசை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கும். பால், இரும்புக் குளிசை அதன் உறிஞ்சலைக் குறைக்கும். கர்ப்பிணிகளும் சிறுவர்களும் வைத்தியரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது.

நோய் பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களில் தலைகாட்டும். திடீர்க் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்காலைத் தொட முடியாத வலி, பீளையில்லாமல் சிவந்த கண். சிறுநீர் குறைதல், மஞ்சள் காமாலை, மூச்சுத்திணறல், இருமலில் இரத்தம் இருந்தால் ஒரு மணிநேரமும் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். சிறுநீரகமோ நுரையீரலோ பாதிக்கப்பட்டிருக்கலாம்.

கொழும்பில் இதே காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். அதனால் வைத்தியரிடம் போகும்வரை காய்ச்சலுக்கும் வலிக்கும் பரசிட்டமோல் மட்டும் போதும். வலி மருந்துகளான இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம், டெங்கு என்றால் இரத்தக்கசிவையும் கூட்டலாம்.

நோய் இருந்தாலும் முதல் சில நாட்களில் பிறபொருளெதிரி (கிருமிக்கு எதிராக உடம்பு உருவாக்கும் பொருள்) பரிசோதனை 'இல்லை' என்று காட்டலாம். பிறபொருளெதிரி உருவாக ஏறக்குறைய ஒரு வாரமாகும். எனவே வைத்தியரிடம் ரிப்போர்ட்டை மட்டும் நீட்டாமல், எந்தத் திகதியில், எந்தத் தண்ணீரில் இறங்கினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அதை வைத்தே அவர் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கலாம்.