அலையில்லாத கடல், கரையிலிருந்து வீசும் காற்று

ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் வருகிற குடும்பங்கள் அக்னி தீர்த்தத்தைப் பார்த்ததும் பெரும்பாலும் ஒன்றையே சொல்கின்றன: "கடல் குளம் மாதிரி இருக்கு, பிள்ளைங்க இறங்கட்டும்." விடுமுறை நாளில் அரியமான் கடற்கரையிலும் இதே பேச்சுதான். அந்த அமைதி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், ஒரு காற்றடைத்த டியூபைக் கொடுத்துப் பிள்ளையை மிதக்கவிட யாருக்கும் மனம் வராது.

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு இரண்டு கடல்கள். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிப் பக்கம் முதலாவதைப் பெண் கடல் என்றும் அடுத்ததை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பாக் விரிகுடாவின் சராசரி ஆழம் 10 மீட்டருக்கும் குறைவு. மன்னார் வளைகுடாவோ தெற்கே போகப் போக 1000 மீட்டரையும் தாண்டும். ஆனால் எந்தக் கடல் எப்போது அடங்கிக் கிடக்கும் என்பதை முடிவு செய்வது காற்று. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், பாக் விரிகுடா படுத்துவிடும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக் காற்று வந்தால் நிலைமை தலைகீழ். ஆடி அமாவாசையில் அமைதியாக இருந்த அதே துறை, தை அமாவாசையில் அலையடித்துக் கிடப்பது இதனால்தான்.

அலை பெரிதாக வளர, காற்று தண்ணீரின் மேல் நெடுந்தூரம் ஓட வேண்டும். கச்சான் காலத்தில் பாக் விரிகுடாவின் தென்கரைக்குக் காற்று நிலத்தைக் கடந்து வருகிறது. கரையோரத் தண்ணீரில் அது ஓடியிருக்கும் தூரம் சில மீட்டர்தான், அதனால் அங்கே அலை எழுவதில்லை. அதாவது, நாம் பார்த்து நிம்மதி அடைகிற அந்த அமைதிக்குக் காரணமே கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. மிதக்கிற எதையும் அது உள்ளேதான் தள்ளும்.

எவ்வளவு வேகமாக? காற்று வீசும்போது கடலின் மேல்தண்ணீர் ஏறக்குறைய காற்றின் வேகத்தில் 3 சதவீதம் நகரும். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றென்றால், கணக்குப்படி நிமிடத்துக்குச் சுமார் 15 மீட்டர். தண்ணீருக்கு மேலே எழும்பி நிற்கும் டியூபைக் காற்று நேராகவே பிடித்துத் தள்ளுவதால் அது இன்னும் வேகமாகப் போகும். கரையில் சவுக்கு மரங்களும் கட்டடங்களும் மறைப்பதால் அங்கே நிற்பவருக்குக் காற்றின் பலம் தெரியாது. கொஞ்சம் உள்ளே போனதும் மறைப்பு விலகும், காற்று முழு பலத்தோடு பிடிக்கும், அலையும் எழ ஆரம்பிக்கும். நன்றாக நீந்தத் தெரிந்த அப்பாகூட அந்த டியூபை எட்டிப்பிடிக்க முடியாமல் நடுவில் களைத்துப்போகலாம். இன்னொரு விஷயம்: இடுப்பில் மாட்டிய டியூபோடு குழந்தை கவிழ்ந்துவிட்டால், டியூப் காலை மேலேயும் தலையைக் கீழேயும் நிறுத்திவிடும். டியூபும் கையில் மாட்டும் காற்றுப் பைகளும் விளையாட்டுச் சாமான்கள்தான். கடலில் அவற்றை நம்பவே கூடாது.

காற்றைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு பிடி உலர்ந்த மணலைத் தலை உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள். அது கடல் பக்கம் பறந்தால் மிதக்கும் சாமான்களை வண்டியிலேயே வைத்துவிடுங்கள்.

ஆண் கடல் பக்கம் ஆபத்து வேறு மாதிரி. 2017-இல் தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை சாலை வந்த பிறகு, சிறு பிள்ளைகளோடு அங்கே போவது எளிதாகிவிட்டது. அங்கே குளிக்க நினைக்கவே வேண்டாம். காலை மட்டும் நனைக்கலாமே என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு எடை சுமார் 15 கிலோ. இடுப்பளவு தண்ணீரில் மிதப்பு விசை அதில் பாதிக்கு நெருக்கமாகத் தாங்கிக்கொள்வதால், காலடியில் மிஞ்சுவது ஏழு எட்டு கிலோதான். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் பின்வாங்கும் தண்ணீர் அந்த உடலை ஏறத்தாழ நாலரை கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கும். காலடி மணலையும் அரித்துக்கொண்டே போகும். பிள்ளை நிற்க முடியாது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும், அப்போது கையைப் பிடித்திருக்கும் அம்மாவே தடுமாறுவார்.

அமாவாசையும் பௌர்ணமியும் இதில் சேர்ந்துகொள்கின்றன. சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் இழுப்பதால் அந்த நாட்களில் கடல் ஏற்றமும் வற்றமும் கூடுதல். இந்தக் கரையில் அது ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் தண்ணீர் அரை மீட்டர் ஏறினாலே, காலையில் கணுக்கால் அளவு இருந்த இடம் மதியம் சின்னப் பிள்ளைக்கு இடுப்பைத் தாண்டிவிடும். சேதுக்கரையிலும் தேவிபட்டினத்திலும் பெரியவர்கள் எல்லாரும் தர்ப்பணத்தில் கவனமாக இருப்பதும் அதே நாட்களில்தான்.

இனி, பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. மூழ்கும் குழந்தை கத்தாது. உடலுக்கு மூச்சுதான் முதல் வேலை, பேச்சு அதற்கப்புறம். வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்தக் கணத்தில் மூச்சை விட்டு மறுபடி இழுக்கத்தான் நேரம் இருக்கும். கைகள் தானாகவே பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும், உயர்த்தி அசைக்க வராது. தலை பின்னால் சாய்ந்திருக்கும், உடல் நேராக நிற்கும், கால் உதைக்காது. தூரத்திலிருந்து பார்த்தால் பிள்ளை வானத்தைப் பார்த்து விளையாடுவதாகவே தோன்றும். பெரியவர்களிடம் இந்தப் போராட்டம் 20 முதல் 60 விநாடி நீடிக்கும். சின்னப் பிள்ளைகளிடம் அந்த அவகாசமும் இல்லை. இரண்டு வயதில் தலை உடல் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு, பெரியவர்களுக்கோ எட்டில் ஒரு பங்கு. மேல்பாரம் அதிகம், கழுத்துக்கும் கைக்கும் பலம் குறைவு. முகம் குப்புற விழுந்தால் முழங்கால் அளவு தண்ணீரிலும் தானாக எழ முடியாமல் போகலாம். நான்கைந்து நிமிடம் பிராணவாயு போகாவிட்டால் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023-இல் உலகில் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை.

சத்தம் வராது என்பதால் காதை நம்ப முடியாது, கண்தான் வேலை செய்ய வேண்டும். "எல்லாரும் பாத்துக்கிட்டுத்தானே இருக்காங்க" என்ற நினைப்பில் யாருமே பார்க்காமல் போவதுதான் கூட்டுக்குடும்பப் பயணத்தின் பெரிய ஆபத்து. சித்தப்பாவோ அத்தையோ, பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படையுங்கள். அவர் கையில் போன் இருக்கக் கூடாது. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறட்டும். சின்னப் பிள்ளை எப்போதும் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நீலம், வெள்ளை, சாம்பல் நிற உடுப்புகள் தண்ணீரில் மறைந்துவிடும், பளிச்சென்ற ஆரஞ்சு தெரியும். காரங்காடு போன்ற இடங்களில் படகு ஏறினால் லைஃப் ஜாக்கெட் பிள்ளையின் அளவில் இருக்கிறதா என்று தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். அது காது வரை ஏறினால் வேறு கேளுங்கள்.

பிள்ளை உள்ளே போய்விட்டால் மிதக்கும் பொருளையோ கயிற்றையோ வீசுங்கள். பக்கத்திலுள்ள மீனவர்களைக் கூப்பிடுங்கள், தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸுக்கு 1093, ஆம்புலன்ஸுக்கு 108.

கரைக்குக் கொண்டுவந்ததும் பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் இன்னும் நம் ஊரில் நடக்கிறது. நுரையீரலில் போன தண்ணீர் பொதுவாகக் கொஞ்சம்தான். வயிற்றை அமுக்கினால் வாந்தி வந்து மூச்சுக்குழாயை அடைக்கும். இங்கே இதயம் நிற்பது பிராணவாயு இல்லாததால், ஆகவே முதலில் மூச்சு. பிள்ளை மூச்சு விடாவிட்டால் தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, வாயோடு வாய் வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு நெஞ்சு உயரும் அளவுக்கு ஐந்து முறை ஊதுங்கள். அப்படியும் அசைவில்லை என்றால் நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று உதவி வரும் வரை தொடருங்கள். அழுத்தம் நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை.

பிள்ளை இருமி, அழுது, எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நுரையீரலின் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் மெல்லிய பூச்சைக் கடல்நீர் கெடுத்திருக்கலாம். அப்படியானால் மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அதுவரை பிள்ளை மருத்துவரின் கண்காணிப்பில் இருக்கட்டும்.