சாக்கடை நீரில் கிருமிக் கணக்கு: ஐரோப்பாவின் புதிய கழிவுநீர் விதி

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் நகரத்துச் சாக்கடையில் எவ்வளவு இருக்கின்றன என்று பார்த்தே ஆக வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டிருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள நகர்ப்புறக் கழிவுநீர் உத்தரவு (எண் 2024/3019) அது. 1991இல் வந்த பழைய உத்தரவு அழுக்கு, நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவற்றோடு நின்றுவிட்டது. உறுப்பு நாடுகள் புதிய உத்தரவை 2027 ஜூலை 31க்குள் தங்கள் நாட்டுச் சட்டமாக்க வேண்டும்.

எந்த ஊர்களுக்கு இது பொருந்தும்? ஒரு லட்சம் ‘ஆள் அளவு’ கழிவும் அதற்கு மேலும் வரும் நகரங்களுக்கு. ஆள் அளவு என்பது குடிமக்களின் எண்ணிக்கை அல்ல. கழிவிலுள்ள அழுக்கு மட்க நாளொன்றுக்கு 60 கிராம் ஆக்சிஜன் தேவைப்பட்டால் அது ஓர் ஆள். பெரிய பீர் ஆலை உள்ள ஊர், ஆள் குறைவாக இருந்தாலும் லட்சத்தைத் தொட்டுவிடலாம். எப்படி, எத்தனை முறை சோதிப்பது என்பதை ஐரோப்பிய ஆணையம் தனி ஆணையாக வகுத்துத் தரும். அது வந்த பிறகு இரண்டாவது ஆண்டு முடிவதற்குள் நாடுகள் சோதனையைத் தொடங்கிவிட வேண்டும்.

சுத்திகரிப்பு நிலையத்தை ஏன் குறிவைக்கிறார்கள்? காற்றூட்டும் தொட்டியருகே நின்று பார்த்தால் விளங்கும். அடியிலிருந்து காற்றுக் குமிழ்கள் பொங்க, பழுப்புக் குழம்பு இடைவிடாமல் புரண்டுகொண்டிருக்கும். பாக்டீரியாக்களைக் கொண்டே அழுக்கைத் தின்ன வைக்கும் இடம் அது. நாம் விழுங்கிய ஆன்டிபயாடிக்கில் ஒரு பங்கு உடலில் சிதையாமல் கழிவோடு அங்கே வந்து சேரும். மருத்துவமனைக் கழிவும் வரும். இந்த நெரிசலில் ஒரு பாக்டீரியா மருந்தை எதிர்க்கும் தன் மரபணுவை வேறு இனத்துக்குக்கூடக் கைமாற்றிவிட முடியும். சுத்திகரிப்பு பெரும்பாலான கிருமிகளை ஒழித்துவிடுகிறது; மிஞ்சி ஆற்றுக்குப் போகும் சிலவற்றில்தான் சிக்கல்.

எண்ணுவது பெரிய மந்திரமல்ல. ஆய்வகங்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் முறை ஒன்று உண்டு: கழிவுநீரை நீர்த்து, ஊட்டச்சத்துக் கூழ் பரப்பிய இரண்டு தட்டுகளில் ஊற்றுவார்கள். ஒன்றில் மட்டும் செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாடிக் கலந்திருக்கும். மறுநாள் காலை, மருந்துள்ள தட்டிலும் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் புள்ளிகள் முளைத்திருந்தால் அவை எதிர்ப்பாற்றல் பெற்றவை. இரண்டு தட்டுகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டால் விகிதம் கிடைத்துவிடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த உத்தரவு எண்ணச் சொல்கிறதே தவிர, எதிர்ப்புக் கிருமி இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு எதையும் வைக்கவில்லை. எண்ணிக்கை ஏறினால் நிலையத்துக்கு அபராதம் கிடையாது. என்னைக் கேட்டால், தராசை வாங்கிவிட்டு எடைக்கல்லை மறந்த கதைதான். ஆனால் தராசே இல்லாதிருந்த நிலைக்கு இது மேல்.

வரம்பு இருப்பது இதே உத்தரவில் வேறிடத்தில். 1,50,000 ஆள் அளவும் அதற்கு மேலும் கழிவைச் சுத்திகரிக்கும் எல்லா நிலையங்களும் 2045க்குள் ‘நான்காம் கட்டம்’ அமைக்க வேண்டும். ஓசோனோ கரித்தூளோ கொண்டு, பட்டியலிட்ட மருந்து, ரசாயன எச்சங்களில் 80 சதவீதத்தை நீக்க வேண்டும். பட்டியலில் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் உண்டு. ஆக, இலக்கு மருந்தின் எச்சம்தான், கிருமி அல்ல. ஓசோன் கிருமியையும் தாக்கும் என்பது கூடுதல் லாபம். செலவில் குறைந்தது 80 சதவீதம் மருந்து, அழகுப்பொருள் தயாரிப்பாளர்கள் தலையில். மருந்து நிறுவனங்கள் இதை எதிர்த்து நீதிமன்றம் போயிருக்கின்றன.

இந்தியாவில் 2020 ஜனவரியில் வெளியான வரைவு விதியில், மருந்து ஆலைக் கழிவுநீரில் எந்த ஆன்டிபயாடிக் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பே இருந்தது. 2021 ஆகஸ்டில் வந்த இறுதி அறிவிப்பில் அந்தப் பகுதியைக் காணோம்.