ஏறத் தெரிந்த குழந்தைக்கு இறங்கத் தெரியாது

"நாலு படி ஏறிட்டான் மேடம்!" என்று போனில் வீடியோ காட்டும் பெற்றோரிடம் குழந்தைகள் பிசியோதெரபிஸ்டான நான் கேட்பது ஒன்றுதான்: "சரி, எப்படி இறங்கினான்?" பெரும்பாலும் வரும் பதில், "நாங்கதான் தூக்கிட்டு வந்தோம்."

தவழும் குழந்தை ஏறத்தாழ 11 மாதத்தில் படியேறிவிடும். இறங்கப் பழக இன்னும் ஒன்றிரண்டு மாதமாவது ஆகும். சிலருக்கு ஒன்றரை வயதுகூட ஆகலாம். ஏறும்போது போகவேண்டிய இடம் கண்ணுக்கு நேரே இருக்கிறது. கையை ஊன்றி முட்டியைத் தூக்கிப் போட்டால் போதும். இறங்கும்போதோ, எங்கே போக ஆசையோ அந்தப் பக்கத்துக்கு முதுகைக் காட்ட வேண்டும். கீழே அம்மா நிற்கிறாள். அவளைப் பார்க்காமல் திரும்பு என்றால் எந்தக் குழந்தைக்கு மனசு வரும்? தலையை நீட்டிக்கொண்டுதான் இறங்கப் பார்க்கும். இந்த வயதில் உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். குப்புற விழுந்துவிடும்.

அதனால் முதல் பாடம் திரும்புவது. அதைப் படிக்கட்டில் ஆரம்பிக்காதீர்கள். தாழ்வான கட்டிலோ திவானோ போதும். குழந்தை ஓரத்துக்கு வந்ததும் இடுப்பைப் பிடித்து மெதுவாகத் திருப்பி, குப்புறப் படுக்கவைத்து, கால் இரண்டும் வெளியே தொங்கும்படி விடுங்கள். இழுக்க வேண்டாம். பாதம் தரையைத் தேடித் துழாவும். கட்டைவிரல் தரையைத் தொடும்வரை பொறுமையாக இருங்கள். "திரும்பு, கால் முதல்ல" என்று ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சொல்லுங்கள். அப்பா ஒன்று, பாட்டி ஒன்று சொன்னால் குழந்தை குழம்பிவிடும். ஓரத்துக்கு வந்ததும் தானாகவே பின்பக்கத்தைத் திருப்ப ஆரம்பித்தால் படிக்கட்டுக்குப் போகலாம்.

அங்கேயும் கீழ்க்கோடி இரண்டு படிகளில் தொடங்குங்கள். குழந்தைக்குக் கீழே, கைக்கு எட்டும் தூரத்தில், முதுகுப் பக்கம் ஒரு கை தயாராக இருக்கட்டும். கைதட்டிக் கூப்பிடாதீர்கள், திரும்பிய குழந்தை மறுபடி உங்கள் பக்கமே திரும்பிவிடும். வெறுங்காலும் முட்டி தெரியும் டிரவுசரும்தான் சரியான உடை. சாக்ஸ் வழுக்கும், பட்டுப்பாவாடை முட்டிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். கிரானைட் படியைத் துடைத்திருந்தால் காயட்டும்.

இரண்டு கையையும் மேலே தூக்கிப் பிடித்து, நிற்கவைத்தே இறக்கும் பழக்கம் நம் வீடுகளில் அதிகம். அதில் குழந்தை உங்கள் கையில் தொங்குகிறதே தவிர, இறங்கவில்லை. கைப்பிடியைப் பிடித்து, படிக்கு இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்குவது 2 வயது வாக்கில் வரும். கால் மாற்றி மாற்றி இறங்க 4 வயது ஆகலாம். அவசரமே இல்லை.

இறங்கப் பழகிவிட்டது என்று, படிக்கட்டை மறித்து மாட்டியிருக்கும் தடுப்பு கேட்டைக் கழற்றிவிடாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் எல்லாப் பாடமும் மறந்துபோகும். மாடி முனையில் சுவரில் திருகி மாட்டும் கேட்தான் வேண்டும். இரு பக்கமும் அழுந்தி நிற்கும் வகை கீழ்ப்படிக்கு மட்டும். மேலே மாட்டினால், குழந்தை சாயும்போது பெயர்ந்து வரலாம், அடிக்கம்பி பெரியவர்கள் காலையே தட்டிவிடும். கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளி 10 செ.மீ.க்கு மேல் இருந்தால் வலை கட்டுங்கள்.

சக்கரம் வைத்த வாக்கர் மட்டும் வேண்டவே வேண்டாம். படிக்கட்டில் உருளும் ஆபத்து அதில் அவ்வளவு அதிகம். கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. பின்னால் நின்று தள்ளும் மர நடைவண்டி வேறு, ஆனால் அதுவும் படிப்பக்கம் வரக் கூடாது. அப்புறம், இடுப்பில் குழந்தை, இன்னொரு கையில் போன் என்று நீங்கள் இறங்குவதையும் நிறுத்துங்கள். அந்தக் கை கைப்பிடிக்கு.

விழுந்த குழந்தை நினைவிழந்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்பினாலும் மந்தமாகவே கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, காது மூக்கில் ரத்தமோ தெளிந்த நீரோ வடிந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தலையில் மெத்தென்று வீக்கம் தெரிந்தால், சிரித்து விளையாடிக்கொண்டிருந்தாலும் அன்றே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.