பால்காய்ச்சுக்குப் பிறகு வரும் செலவுகள்

வீடு கட்ட வேண்டும் என்று வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சதுர அடிக்கு என்ன ரேட் சார்?" அடுத்தது, எத்தனை மாதத்தில் முடியும். கட்டி முடித்த பிறகு இந்த வீட்டுக்கு வருஷத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. குமரி மாவட்டத்தில் வீடு கட்டுகிறவர் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி அது.

நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் உண்டு. ஜூனில் நனையத் தொடங்குகிற சுவர் நன்றாகக் காய்வதற்குள் ஐப்பசி வந்துவிடும். நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று வேறு. மதுரையில் தாங்கும் ஒரு வெளிப்புறப் பெயிண்ட் முட்டத்தில் அதே காலம் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அப்புறம் கடன். 30 லட்சம் ரூபாயை 8.5 சதவீத வட்டிக்கு 20 வருஷத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 26,000 ரூபாய். கடனை அடைத்து முடிக்கும்போது கொடுத்திருக்கும் தொகை 62 லட்சத்தைத் தாண்டும். இதைப் பலர் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்கள். ஆனால் வீட்டுக்கு ஏழெட்டு வயதாகும்போது பெயிண்ட், மொட்டைமாடி ஒழுக்கு, மோட்டார் என்று முதல் சுற்றுச் செலவு வரும். அப்போது தவணை இன்னும் 12 வருஷம் பாக்கி இருக்கும். கையில் பணம் இல்லாததால் வேலை தள்ளிப் போகும். தள்ளிப் போகிற அந்த வருஷங்களில்தான் சின்னச் செலவு பெரிய செலவாகிறது.

அது எப்படி என்று சொல்கிறேன். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைச் சிமெண்டின் காரத்தன்மை துருப்பிடிக்காமல் காக்கிறது. நீர்க்கசிவோடு உப்பும் உள்ளே போய்க் கம்பியைத் தொட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு உடைகிறது. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். இடமில்லாததால் அது கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளும். முதலில் கம்பி போகிற வழியிலேயே கோடு மாதிரி ஒரு விரிசல் தெரியும், பிறகு பழுப்புக் கறை. அடுத்ததாகப் பூச்சு பெயர்ந்து விழும். சன்ஷேடிலும் குளியலறைக் கூரையிலும்தான் இது பெரும்பாலும் தொடங்குகிறது.

குளச்சல் பக்கம் ஒரு வீட்டைப் பார்க்கப் போனேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆன மாடி வீடு. மகன் வளைகுடாவில், அம்மா மட்டும் கீழே இருக்கிறார். ஹாலின் கூரையிலிருந்து கட்டி கட்டியாகப் பூச்சு விழுகிறது. "ரெண்டு தடவ பூசியாச்சு மக்ளே, பிறவும் விழுது" என்றார். துருப்பிடித்த கம்பியைத் தொடாமல் அதன் மேலேயே பூசியிருக்கிறார்கள். எத்தனை முறை பூசினாலும் அது விழத்தான் செய்யும். தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால் வரை கொத்தி எடுக்க வேண்டும். துருவைச் சுரண்டித் துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். இதெல்லாம் செய்வதற்கு முன் மேலேயிருந்து வரும் ஒழுக்கை நிறுத்த வேண்டும். அந்த அம்மா தினமும் அந்தக் கூரைக்குக் கீழேதான் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். எனக்கு அதுதான் பெரிய கவலையாக இருந்தது. முதல் வேலையாகக் கட்டிலை வேறு அறைக்கு மாற்றச் சொன்னேன்.

இதைக் கட்டும்போதே தடுக்க முடியும். கடலோரச் சூழலுக்கு எம்30 என்கிற வலுத்தரக் கான்கிரீட்டும், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலும் குறைந்தபட்சம் வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 (2000). நம் ஊர் வேலைகளில் இந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் சின்னக் கட்டையான கவர் பிளாக் வைக்காமல் கல்துண்டைச் சொருகிக் கம்பியைத் தூக்கி நிறுத்துவதை இன்றும் பார்க்கிறேன். கவர் பிளாக்குக்கு ஆகிற செலவு மிகச் சொற்பம். கலக்குகிற தண்ணீர் உப்புக் கிணற்றுத் தண்ணீராக இருக்கக் கூடாது, கழுவாத கடல் மணல் கூடவே கூடாது. நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள் நனைக்க வேண்டும். இந்த மூன்றிலும் மேஸ்திரியிடம் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வீட்டின் அளவும் நிரந்தரச் செலவுதான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வருவார்கள் என்று மாடியில் மூன்று அறை, மூன்று குளியலறை கட்டுகிறோம். வருஷத்தில் பெரும்பகுதி அவை பூட்டிக் கிடக்கும். ஆனாலும் மழை அந்த அறைகளையும் நனைக்கும், கரையான் அந்தக் கதவுகளுக்கும் வரும். ஒவ்வொரு குளியலறையும் நாளை கசியக்கூடிய இன்னொரு இடம். என் கருத்தில், ஒரு குளியலறையைக் குறைத்து, அந்தப் பணத்தில் எல்லா ஜன்னலுக்கும் அகலமான சன்ஷேடும் மொட்டைமாடிக்கு நல்ல நீர்வாட்டமும் கொடுப்பதே லாபம். முகப்பு அழகுக்காகச் சன்ஷேடே இல்லாமல் பெட்டி மாதிரி கட்டும் பாணி நம் மழைக்குப் பொருந்தாது. பத்மநாபபுரம் அரண்மனையில் இறங்கி நிற்கும் ஓட்டுக்கூரையைப் பாருங்கள், சுவரில் மழை படாமல் இருக்க எவ்வளவு வெளியே நீள்கிறது!

மாடிக்கு மேல் ஷீட் போடுவது நல்ல யோசனைதான். ஆனால் 2017 ஒக்கி புயலுக்குப் பிறகாவது, ஷீட்டைத் தாங்கும் கால்களைக் கான்கிரீட்டில் ஆழமாகப் பதித்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். திருகாணிகளையும் ரப்பர் வாஷர்களையும் வருஷத்துக்கு ஒருமுறை ஏறிப் பார்ப்பது நல்லது.

சொத்துவரி, தண்ணீர் வரி, மின்கட்டணம் எல்லாம் தெரிந்த செலவுகள். 2022இல் சொத்துவரியை உயர்த்தியபோது வீட்டின் பரப்பு கூடக் கூட உயர்வின் சதவீதமும் கூடியது. பெரிய வீட்டுக்காரர்கள் இதையும் மனதில் வைக்க வேண்டும்.

சரி, எவ்வளவு ஒதுக்குவது? நான் சொல்லிவருவது, இன்று அதே வீட்டைக் கட்ட ஆகும் தொகையில் வருஷத்துக்கு ஒரு சதவீதம். கடலுக்குப் பக்கம் என்றால் ஒன்றரை. 30 லட்சம் வீட்டுக்கு மாதம் 2,500 ரூபாய். தனி வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். சில வருஷம் எதுவும் செலவாகாது, அந்தப் பணத்தை வேறெதற்கும் எடுக்காதீர்கள். வயரிங் மாற்றுவது, மாடித் தளத்துக்குப் புதிதாக நீர்க்காப்பு போடுவது எல்லாம் ஒரே வருஷத்தில் சேர்ந்து வரக்கூடும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் மே மாதக் கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் யாரையாவது மொட்டைமாடிக்கு அனுப்பி, வடிகுழாய் வாயில் அடைத்திருக்கும் இலைகளை அள்ளச் சொல்லுங்கள். தளத்தையும் சன்ஷேடின் அடிப்பக்கத்தையும் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, போன வருஷப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதிதாக ஒரு கோடோ கறையோ தெரிந்தால் அடுத்த விடுமுறை வரை காத்திருக்காதீர்கள். அதை ஒரு இன்ஜினியரிடம் காட்டிவிடுங்கள்.